சிவப்பு என்றால் ஏற்றம்

இந்த நாட்டில் சிவப்பு என்றால் ஏற்றம்,
நீலம் என்றால் இறக்கம்.
காலை ஒன்பதுக்குச் சந்தை திறக்கும்போது
தேகுவில் எங்கள் சலவைக் கடையின் கொதிகலனும்
சூடேறியிருக்கும்.
என் வீட்டுக்காரர் பாங் கி-சோக்
இஸ்திரி மேசையின் தலைமாட்டில்
கைப்பேசியைச் சாய்த்து வைப்பார்,
முன்பு வானொலி இருந்த இடத்தில்.

ஐந்து நாள் கோடு இருபது நாள் கோட்டை
வெட்டி மேலே போனால் தங்கச் சிலுவை.
வெட்டிக் கீழே வந்தால் சாவுச் சிலுவை.
ஞாயிறுதோறும் நான் போகும் தேவாலயத்தில்
ஒரே ஒரு சிலுவைதான்.
அதுவே இன்னும் எனக்குப் புரிந்தபாடில்லை.

போலிஞ்சர் பட்டை என்றார் ஒருநாள்.
இறுகினால் வெடிக்கப் போகிறது என்று பொருளாம்.
வக்கீல் சோல் அவர்களின் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினேன்,
இந்த வருடம் மூன்றாவது தடவை
இடுப்பைப் பிரித்துத் தைக்கிறேன்.
இறுகினால் வெடிக்கும், எனக்கும் தெரியும்,
எந்தப் பக்கம் வெடிக்கும், சொல்லுமா உங்கள் பட்டை?
அவர் நீராவி மிதியை அழுத்தினார்.
முகம் மறைந்தது.

ஜூலையில் ஹன்பித் செல் பங்கின்
வலிமைக் குறியீடு முப்பதுக்குக் கீழே போயிற்று.
அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள்,
அடிமாட்டு விலை, இனி ஏறியே ஆகவேண்டும் என்றார்.
புது அழுத்து இயந்திரத்துக்கு வைத்திருந்த பணம்.
இருபத்தெட்டு.
இருபத்துநான்கு.
பத்தொன்பது.
தரைக்குக் கீழே நிலவறை உண்டு என்பார்கள்
இங்கே பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள்.
எங்கள் நிலவறையில் இன்னொரு படிக்கட்டு இருந்தது.

எனக்குத் தெரிந்தது கறை.
சட்டையைப் பார்த்தால் சொல்வேன்,
நேற்று மதியம் குளிர்ந்த நூடுல்ஸ்,
கடுகு கொஞ்சம் கூடுதல்,
இடது கைக்காரர், அவசரத்தில் இருந்தார்.
நாளை என்ன சாப்பிடுவார் என்று
ஒரு கறையும் என்னிடம் சொன்னதில்லை.
இதை அவரிடம் சொல்லவில்லை.
பத்தொன்பதில் இருக்கும் மனிதனிடம் என்ன சொல்வது.

எதிர்க் கட்டடத்துக் கும் மான்-ஹோ
புதன்கிழமைகளில் தொலைக்காட்சியில் கோடு போட்டுக் காட்டுபவர்.
ஆதரவு மட்டம் இங்கே, தடுப்பு மட்டம் அங்கே,
குச்சியால் தட்டுவார்.
அந்தக் கருநீலக் கோட்டு போன வாரம் சலவைக்கு வந்தது.
உள்பையில் ஒரு லாட்டரிச் சீட்டு.
நான்காக மடித்து, வியர்வையில் நைந்து.

பையில் கிடைத்ததைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு
ஹேங்கரில் மாட்டிவிடுவது எங்கள் கடை வழக்கம்.
மாட்டும் முன் அவரிடம் நீட்டினேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்,
அல்லது அழுவார்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு ரசீதின் பின்பக்கம்
ஆறு எண்களையும் வரிசையாகக் குறித்து
ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்தார்.

தையல் பெட்டியில் கிடந்த
சிவப்புப் பென்சிலால்.