முப்பத்துநான்கு வளையங்கள்

மரத்தை அறுத்தால் வயது சொல்லும்.
இது பாப்லர், என் தொடையளவு கனம்.
ரம்பம் ஓய்ந்ததும் மண்டியிட்டு
பென்சில் முனையால் எண்ணினேன்:
முப்பத்துநான்கு.
எச்சிலால் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

மேட்டை மூடி முப்பது வருஷம் என்கிறது ஊர்.
எண்பத்துநான்கு, மார்ச், கடைசி ஞாயிறு,
மழை.
யாரைக் கேட்டாலும் அந்த மழையைச் சொல்கிறார்கள்.
அப்படியானால் இந்த நாலு வருஷம் யாருடையது?

மிச்சிகனின் வடகோடி.
இரும்புச் சுரங்கத்தின் முதுகுக்குப் பின்னால்
டுரோவர் லொக்கேஷன்.
மேட்டின் உயரம் நூற்றறுபது அடி,
மலை என்றால் மலைகள் சிரிக்கும்.
கம்பெனி அதை வருஷம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது,
அந்த டாலரை ஆள் அனுப்பிக் கேட்டும் வாங்கியது.

நாற்பத்தொன்பதில்
ஓடாத ஃபோர்டு லாரியை உச்சியில் நிறுத்தி,
பின்சக்கரத்து டயரை உருவிவிட்டு
விளிம்பில் கயிற்றை மாட்டினார்கள்.
ரெய்னோ கங்காஸ் சுரங்கத்தில் வடம் பின்னுகிறவர்.
ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கும் வடத்தைப் பின்னிய கை
பிள்ளைகளை மேலேற்றும் கயிற்றையும்
இணைப்பு தெரியாமல் இணைத்தது.
அந்தக் கயிறு கையுறை தின்னும்.
ஒரு ஏப்ரலில் பனி உருகியபோது வெர்னா ட்ரெஸோனா
அறுபத்தோரு கையுறைகளைப் பொறுக்கிக் கொடியில் போட்டாள்.
ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

இரவுச் சறுக்கலுக்கு எட்டு விளக்கு.
ஏழுதான் எரிந்தது என்பதில் ஊருக்கு ஒரே வாக்கு.
எரியாதது எது என்பதில்தான்
இன்றைக்கும் ஓட்டலில் குரல் உயர்கிறது.

அறுபத்தேழில் சுரங்கம் மூடியது. மேடு மூடவில்லை.
அந்தக் குளிர்காலம்தான் கூட்டம் அதிகம்.
வேலை போனவர்களுக்கு
ஏறி இறங்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.
பிறகு வீடு வீடாக விளக்கணைத்து
டெட்ராய்ட்டுக்கும் டுலூத்துக்கும் கிளம்பினார்கள்.

நூலகத்தில், பூட்ஸ் பெட்டியொன்றில், கணக்குப் புத்தகம்.
பொருளாளர் லியோனா பெர்டுச்சியின் சாய்ந்த எழுத்து.
ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வரி:
'சரிவில் புதர் வெட்டியாயிற்று.'
ஐம்பத்திரண்டில் நாற்பது பேர். அறுபத்தொன்றில் முப்பத்தேழு.
எழுபத்தொன்பதில் பதினொன்று.
அதன்பின்
எண்பது: ஒன்பது பேர், காப்பி மூன்று டாலர்.
எண்பத்தொன்று: ஒன்பது பேர், காப்பி மூன்று டாலர்.
எண்பத்திரண்டு.
எண்பத்துமூன்று.
காப்பி விலை ஏறாத ஒரே ஊர்.

இன்ஷூரன்ஸ் படிவம் கேட்டிருக்கும்:
சரிவு ஆண்டுதோறும் சுத்தம் செய்யப்படுகிறதா?
அவள் கயிறு திரித்திருக்கிறாள், ரெய்னோவைவிட நேர்த்தியாக.
முடிச்சே தெரியவில்லை.
அந்த ஒன்பது பேரில் யாராவது
அரிவாளோடு அங்கே வந்து நின்றார்களா,
அல்லது அவள் மட்டும் வந்து, காத்திருந்து, போனாளா,
எழுதிவைக்கவில்லை.

மரம் மட்டும் எழுதிக்கொண்டது.
முதல் வருஷம் விரல் கனம், அடுத்து மணிக்கட்டு.
அப்போது சிறுமியாக இருந்த டார்லா கிவேலா சொன்னாள்:
'ஓரத்தில் கன்றுகள் முளைத்திருந்தன.
எங்களுக்காக நட்ட போட்டிக் கம்புகள் என்று நினைத்தோம்.
வளைந்து வளைந்து போவோம்.
அந்த நாலு வருஷம்தான் மேடு ரொம்ப நன்றாக இருந்தது.'

அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்பார்கள்.
நூற்றறுபது அடிதானே.
எவ்வளவு தூரம் ஏறியிருக்க முடியும்?

லாரி உச்சியில் இருக்கிறது.
சக்கர விளிம்பின் வழியே ஒரு பிர்ச் போயிருக்கிறது.
என் படிவத்திலும் ஒரு கட்டம்:
நிலம் கைவிடப்பட்ட ஆண்டு.
கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தேன்.
எண்பத்துநான்கு என்று எழுதினேன்.

ரம்பத்தைத் தோளில் போட்டு இறங்கினேன். அக்டோபர், பனி இல்லை.
பாதிச் சரிவில்தான் கவனித்தேன்:
நேர்வழி இருந்தும் என் கால்கள்
ஒரு மரத்துக்கு இடமாக, அடுத்ததற்கு வலமாக