இடது காது

ஆறு பொத்தான்கள்.
ரோசலி வேலை பார்த்த சட்டைக் கம்பெனியில்
துவாரம் கோணலாக விழுந்து கழித்தவை.
பந்துக்கு ஒன்றாக
இடது பையிலிருந்து வலது பைக்கு.
நோ-பாலுக்கு நகர்த்தக் கூடாது,
விக்கெட் விழுந்த கூச்சலில் மறக்கவும் கூடாது.
"இதுக்கா காசு குடுக்கான்?" என்றான்
தாராவிக் கிராஸ் ரோட்டில் என் மச்சான்.
முதல் ஆட்டத்துக்கு முப்பத்தைந்து ரூபாயும்
ஒரு வடாபாவும் கொடுத்தார்கள்.

வாரம் முழுக்க வி.டி.யில் பார்சல் ஆபீஸ்.
சனி ஞாயிறு வெள்ளைக் கோட்டு.
ஆசாத் மைதானத்தில்
ஒரு ஆட்டத்தின் ஸ்லிப்
அடுத்த ஆட்டத்தின் மிட்விக்கெட்டில் நிற்பான்.
முதுகுக்குப் பின்னால் யாரோ யாரிடமோ அவுட் கேட்பார்கள்.
திரும்பக் கூடாது.
எது என் சத்தம், எது பக்கத்து ஆட்டத்துச் சத்தம்
என்று பிரிக்கத் தெரிந்தவன்தான் அம்பயர்.
பரீட்சையில் இது வரவில்லை.
பந்து ஹெல்மெட்டுக்குள் சிக்கினால் என்ன செய்வாய்
என்றுதான் கேட்டார்கள்.
மூன்றாவது தடவை பாஸ்.

என் பெயர் எபனேசர் என்று
எந்தக் கேப்டனுக்கும் தெரியாது.
ஜெயித்தவனுக்கு நான் 'காய் அம்பயர்'.
தோற்றவன் என் அம்மையை
நாலு மொழியில் விசாரிப்பான்.
ஸ்வெட்டரை என் இடுப்பில் கட்டுவார்கள்,
தொப்பியைக் கையில் திணிப்பார்கள்,
கொடுக்காத எல்.பி.டபிள்யூ.வுக்குப் பிறகு
வெடுக்கென்று பிடுங்குவார்கள்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி.
மரீன் லைன்ஸ் பக்கத்து ஜிம்கானா,
பையன்களைத் தேர்வு செய்யும் ஆட்டம்.
நிலேஷ் தாம்லே, இடது கை, பரேல்காரன்.
ஓடிவந்து போட்ட நாலாவது பந்து
மட்டையைத் தாண்டும்போது
விரார் வண்டி போனது.
பந்து ஒரு நூல் திரும்பியது,
தையலில் பட்டா, மட்டையில் பட்டா?
பதினோரு பேரும் கத்தினார்கள்.
எனக்கு வண்டிதான் கேட்டது.
சந்தேகம் மட்டைக்காரனுக்கு.
தலையை ஆட்டினேன்.

அவன் நூற்றுப் பன்னிரண்டு அடித்தான்.
அவன் அப்பா கமிட்டியில் இருந்தது
மறுநாள்தான் எனக்குத் தெரியும்.
சொன்னால் யார் நம்புவார்கள்.
தாம்லே இன்னும் இரண்டு ஓவர் போட்டுவிட்டு
பவுண்டரி ஓரத்தில் போய் உட்கார்ந்தான்.
அந்த சீசனுக்கு மேல்
எந்த ஸ்கோர்புக்கிலும் அவன் பெயரைப் பார்க்கவில்லை.

பதினோரு வருடம்
அந்த விரார் வண்டியைத் திட்டினேன்.

பிறகு பைகுல்லா ரயில்வே ஆஸ்பத்திரி.
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள்.
அமுக்கினேன். அமுக்கினேன். அப்புறம் ஒன்றுமில்லை.
எட்ஜுக்குக் காத்திருப்பதுபோல
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.
வெளியே டாக்டரம்மா
எதையோ தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார், எனக்காக.

"இடது காது. மெல்லிய சத்தமெல்லாம் போச்சு.
கடல் கேட்கும், கொசு கேட்காது."
எப்போதிலிருந்து?
"அது சொல்ல முடியாது. மெதுவாத்தான் போயிருக்கும்."

கோட்டை ஒப்படைத்துவிட்டு வந்த வாரம்
அந்த ஜிம்கானாவுக்குப் போனேன்.
ஆட்டமில்லாத செவ்வாய்க்கிழமை.
தெற்கு முனையில், அன்று நின்ற இடத்தில்
வடக்கு பார்த்து நின்றேன்.
வலது கைப்பக்கம் தண்டவாளம்.
இடது கைப்பக்கம் கடல்.
வண்டி வந்து வலது காதை நிறைத்துப் போனது.
அன்று
இடது காது என்ன செய்துகொண்டிருந்தது?

வலது கை கொஞ்சம் அசைந்தது.
தூக்கவில்லை.
எதிரணி கேட்காமல்
அவுட் கொடுக்க விதியில்லை.
கேட்க வேண்டியவன் எந்த ஊரில் இருக்கிறானோ.

தோளில் யாரோ தட்டினார்கள்.
ரப்பர் குழாயோடு மைதானக்காரன்.
பிட்சுக்குத் தண்ணீர் விட வேண்டும், தள்ளி நில் என்று
இடப்பக்கமிருந்து
இரண்டு தடவை சொன்னானாம்.