முதல் லோடு

திருவொற்றியூர் பயிற்சிக் கூடத்தில்
ஃபோர்க்லிஃப்டுக்குப் பேர் எழுதப் போனேன்.
"தையல்ல எடம் இருக்கேம்மா" என்றார் பதிவாளர்,
பாரத்திலிருந்து தலை தூக்காமல்.
தையல் தெரியும் சார்.
பிளவுஸுக்கு நூறு ரூபாய், அதுவும் கடன்.

தகப்பன் அல்லது கணவன் கையெழுத்து
என்றொரு கட்டம்.
அப்பா கடலோடு போனவர்.
கட்டியவன் எங்கேயென்று அவனுக்கே தெரியாது.
நானே போட்டேன்: ம. பிலோமினா.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

பெண்கள் கழிப்பறை உண்டு, பெயர்ப்பலகையோடு.
உள்ளே பழைய டயர்கள், உடைந்த பெஞ்சு,
எந்தத் தேர்தலுடையதோ சில தட்டிகள்.
மூன்று வாரம்
காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்தேன்.
எண்ணூர் சாலையில் டிரெய்லர் வரிசை;
நகராத பஸ்ஸில் அடக்கிக்கொண்டே
லிவர்களை மனப்பாடம் செய்தேன்.

நாலாம் வாரம் தனியாக ஓட்டச் சொன்னார்கள்.
"எதையாவது தூக்கிக் காட்டு."

சுற்றிப் பார்த்தேன்.
காலி பேலட் ஒன்று வெயிலில் கிடந்தது.
டயர்களை உருட்டி வந்து அடுக்கினோம்,
நானும், தையல் வகுப்பு ஜன்னலிலிருந்து
எட்டிப் பார்த்த மூன்று பேரும்.
இரண்டு கொம்பையும் நுழைத்து,
மெல்லச் சாய்த்து, உயர்த்தி,
பதிவாளர் அறை வாசலில் இறக்கினேன்.
ஒரு டயரும் அலுங்கவில்லை.

மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் போய்
கதவைச் சாத்திக்கொண்டேன்.