இரண்டு பத்து

இரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு
நிபால்தோவின் இடது கண்ணுக்குப் பின்னால் வருகிறது.
முதலில் சுவர்க் கடிகாரத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.
பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன்.
மறுநாளும் வந்தது.

கொத்துத் தலைவலி என்றார் மருத்துவர்.
திராட்சைக் கொத்து மாதிரி, என்று
விரல்களைக் குவித்துக் காட்டினார்.
சில வாரம் குலைகுலையாய்க் காய்க்குமாம்,
பிறகு ஒரு வருடம் கொடி வெறுமனே நிற்குமாம்.
எனக்குத் திராட்சை தெரியவில்லை. அலகுதான் தெரிந்தது.
கொத்து, கொத்து, கொத்து.

மற்றவர்கள் தலைவலி என்றால்
விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வார்கள்.
இது படுக்க விடாது.
துறைமுகத்தில் பாரந்தூக்கியின் உச்சியில் உட்கார்ந்து
இரும்புப் பெட்டிகளை முட்டைபோல இறக்கி வைக்கிறவன்
குளியலறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பான்.
ஒரு கண்ணில் மட்டும் நீர்.
ஒரு மூக்கு மட்டும் அடைத்திருக்கும்.
நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி
பாதி முகம் என் கணவன்.

ஆக்சிஜன் சிலிண்டருக்கு எழுதிப்போட்டோம்.
காப்பீட்டு அலுவலகம்
நாங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தையே
வெறுமையாகத் திருப்பி அனுப்பியது. மூன்று முறை.

ஏப்ரலில் ஒருநாள்
கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.
வல்பராய்சோவில் ஓடுவதென்றால் ஏறுவதுதான்.
எங்கள் வாசலிலிருந்து மேல்சாலைக்கு
இருநூற்றுப் பதினான்கு படி.
ஏறி, இறங்கி, திரும்ப ஏறி,
ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றான்.
வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது.
அதன் பின்னால் மெதுவாக ஒரு சொல்:
"போயிடுச்சு."

சிலருக்குக் கேட்கிறது என்றார் மருத்துவர்.
ஏன் என்று எனக்குத் தெரியாது,
படிக்கட்டை மருந்துச் சீட்டில் எழுதவும் முடியாது.

அன்றிலிருந்து கயிறு அவிழ்த்த காலணி
கட்டிலுக்கடியில் வாய் திறந்து காத்திருக்கும்.
இந்தக் குன்றில் யாரும் செய்யாத காரியம்,
கதவைத் தாழிடாமல் தூங்கினோம்.
முதல் கொத்திலேயே ஓடிவிட வேண்டும்.
ஐந்து நிமிடம் பிந்தினால்
படியெல்லாம் வெறும் படிதான்.
அப்படி எத்தனையோ இரவு
பாதியில் உட்கார்ந்து
கைப்பிடிக் கம்பியைக் கடித்திருக்கிறான்.
பல்தடம் இருக்கிறது, பச்சைப் பெயின்ட்டில்.

திருடன் என்று ஜன்னலைத் திறந்து கத்தினாள்
மேல்வீட்டு எதெல்மீரா.
விஷயம் தெரிந்த பிறகு
இரண்டு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டுவைத்தாள்.
ரோந்துக் காவலர் ஒருவர் நிறுத்தி
ஏன் அழுகிறாய் என்று கேட்டாராம்.
"பாதிதான் அழுகிறேன், மற்ற பாதி ஓடணும், விடுங்க."
நாற்பதாம் படியில் தூங்கும் தெருநாய்
தகவல் ஏதும் கேட்காமல் சேர்ந்துகொண்டது.

ஒரே ஒருநாள் நானும் கூட ஓடினேன்.
தொண்ணூறாம் படியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
என்னைத் தாண்டி ஏறினான், தாண்டி இறங்கினான்,
தாண்டி ஏறினான்.
நான் ஒரு விளக்குக் கம்பம்.

ஜூன் நான்காம் தேதி வரவில்லை.
ஐந்தாம் தேதியும்.
இரண்டு பத்துக்கு இருவரும் விழித்துக் கிடந்தோம்,
மாடியில் யாரோ நடப்பதைக் கேட்பவர்கள்போல.
பத்தாம் நாள் அவன் விழிக்கவே இல்லை.
வாயைப் பிளந்து, குறட்டை விட்டு,
முழு முகத்தோடு தூங்கினான்.

கதவைப் பிறாண்டும் சத்தம்.
நாய்.

அவன் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
இரண்டு அளவு பெரிது, படிக்குப் படி டப் டப் என்றது.
எதெல்மீராவின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
கீழே துறைமுகத்தில்
அவன் பாரந்தூக்கியின் உச்சியில் சிவப்புப் புள்ளி.
இருநூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.
வேர்த்திருந்தது. எனக்கு எங்கும் வலிக்கவில்லை.

நாய் திரும்பி என்னைப் பார்த்தது:
இன்னொரு தடவைதானே?