ஐம்பத்திரண்டில் ஒரு முகவரி

வங்கிச் சாவியை ஒப்படைத்த மறுநாள்
கோடு போட்ட தாளில் ஊர்களை எழுதினேன்.
ஹட்டன்: ஆஸ்பத்திரி கிட்ட, ஆனால் ஓயாத மழை.
நுவரெலியா: வாடகை கேட்டதுமே குளிர்ந்துவிட்டது.
பண்டாரவளை: முழங்காலுக்கு இதமான வெயில்,
ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்.
சரி போட்டேன்.

யாரோடு பேசுவதென்று
தாளில் ஒரு கட்டம் போட மறந்திருந்தேன்.

முதல் மாதம் மரக்கறிக் கடையில்
வாங்காத லீக்ஸுக்கும் விலை கேட்டேன்.
பதுளை ரயில் எவ்வளவு பிந்துமென்று
ஸ்டேஷன் மாஸ்டரிடம் தினமும் விசாரித்தேன்.
ஒருநாள் அவர் கண்ணாடியைக் கழற்றினார்:
"நீங்க எங்கதான் போகணும்?"

பிறகொரு மாலை
மேல் வீட்டுத் தவராணி டீச்சர்
கதவைத் தட்டித் துண்டொன்றை நீட்டினார்.
மரண உதவிச் சங்கம். மாதம் முந்நூறு.
"எனக்கு ஐம்பத்திரண்டுதானே" என்றேன்.
"சாகச் சொல்லல்ல. கூட்டத்துக்கு வாங்க,
கதிரை அடுக்க ஆளில்ல."

அடுக்கினேன்.
என் கையெழுத்தைப் பார்த்த மெர்வின்
கணக்குக் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.
கேள்வியே இல்லை, பொருளாளர்.

இப்போது ஞாயிறுதோறும்
சந்தாவுக்கு இருபத்தேழு வீட்டுப் படி ஏறுகிறேன்.
முழங்கால் திட்டுகிறது.
இருபத்தேழு பிளேன்டீ;
சீனி வேண்டாமென்றால் பியசேனவுக்குக் கோபம் வரும்.

நேற்று
ரயில் சரியான நேரத்துக்கு வந்ததாம்.
சத்தம் கேட்டது.
நான் அவர் வாசலில் நின்று
ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு
மிச்சக் காசு தேடிக்கொண்டிருந்தேன்.