பிரேதம், வயது சுமார் இருபது

செய்முறை வகுப்பில் இன்று நான்தான் பிரேதம்.
சீட்டுக் குலுக்கியதில் வந்தது.
அருள்தாஸுக்கு விசாரணை அதிகாரி,
அமிர்தகடேசனுக்குப் புகைப்படம்,
எனக்கு சிமெண்டுத் தரை.

கண்ணை முழுக்க மூடாதே என்றார் ஹெலன் மேடம்.
பாதிக் கண்ணில்
மின்விசிறியும் எல்லாருடைய செருப்பும் தெரிந்தன.

செத்தவளைச் சுற்றி நின்று சண்டை:
முந்நூற்றிரண்டு என்றான் ஒருவன், பழக்கதோஷம்.
அது பழைய எண், இப்போது நூற்று மூன்று
என்றான் இன்னொருவன்.
மாறிய எண்களைச் சொல்லிக்கொண்டுதான்
விடியலில் நானும் ஓடுகிறேன்,
மூணாறு தலைப்பிலிருந்து வெண்ணாற்றங்கரையோடு,
ஒரு பிரிவுக்கு நாலு எட்டு.
தண்ணீர் வந்த வாரம் இது,
ஷட்டர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது.
திருட்டு முந்நூற்று மூன்று.
பறிப்பு முந்நூற்று நாலு.
கொள்ளை வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.
நூற்றுப் பதினைந்தை மட்டும்
ஏனோ தாண்டிவிடுவேன்.

என்னைச் சுற்றி சாக்பீஸ் கோடு போட்டு
உச்சிக்கும் குதிகாலுக்கும் டேப் பிடித்தார்கள்.
உயரம் நூற்று அறுபத்தொன்று.
அருள்தாஸ் உரக்கச் சொல்லி எழுதினான்.
எஸ்.ஐ. தேர்வுக்குக் கேட்பது நூற்று ஐம்பத்தொன்பது.
நின்று அளந்தால் எனக்கு அரை சென்டிமீட்டர் குறையும்.
செத்தால் தேர்வாகிவிடுவேன் போல.
சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது,
பிரேதம் மூச்சு விடுகிறது மேடம் என்று புகார் போனது.

அங்க அடையாளம் எழுத வந்தவள் ஆவூர் ரிஸ்வானா.
கையுறை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள்.
இடது முழங்காலில் பழைய தழும்பு.
காதில் தோடு இல்லை, துளையில் ஈர்க்குச்சி.
சுடிதார் கையைச் சற்றே ஏற்றினாள்.
வலது புஜத்தில் வரிசையாக நான்கு நீலம்,
உட்பக்கம் ஒன்று.
விரல்கள் அழுந்தியது போல, என்று எழுதி
நிறுத்தினாள்.
பாடத்துக்காக மையில் வரைந்தது என்று நினைத்தாளோ,
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.
போகவில்லை.

எப்ப, என்றாள், உதடு மட்டும் அசைய.

ட்ராக் பேண்ட்டோடு தெருவில் ஓடாதே என்று
அண்ணன் பிடித்து நிறுத்திய இடம் அது.
பிரேதம் பேசாது.
மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

மாலையில் நீடாமங்கலம் கேட் வழக்கம்போல் அடைப்பு.
டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு
வேர்க்கடலை வாங்கினார்.
ரிஸ்வானா ஒரு தாளை மடித்து
என் நோட்டுக்குள் செருகினாள்.
மார்க் போடக் கொடுக்கலையா?
அது வேற காப்பி, என்றாள்.

பிரித்தேன்.
மரணத்துக்கான காரணம் என்ற வரியை அடித்திருந்தாள்.
பெயர் தெரியவில்லை என்பதையும் அடித்து
மேலே என் பெயர், இனிஷியலோடு.
புகார்தாரர் என்ற இடம் மட்டும் காலி.

நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
வந்துகொண்டேயிருந்தது.
முப்பத்தெட்டுப் பெட்டிவரை எண்ணினேன்.
பேனா இருக்கா, என்றேன்.
சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

மறுபடியும் கேட்டேன்.