செக்குபந்தி

காங்கயம், இரவு ஒன்றேகால்.
கொப்பரைக் குடோனுக்கு மேலே ஒற்றை அறை.
ரவுட்டருக்கு ஏசி,
எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

வெள்ளகோவில் முருங்கை மண்டியின் இன்றைய விலை
இங்கே வந்து சேர
சென்னைக்குப் போய்த்தான் திரும்புகிறது.
நடந்தே போய்க் கேட்டு வந்துவிடலாம்.

காரணம் தொழில்நுட்பம் அல்ல.
என் முதலாளி சென்னியப்பனும்
அந்த ஊர் கேபிள்காரர் ராக்கியண்ணனும் பங்காளிகள்.
ஒரு கிணற்றுக் காட்டுக்காகப் பதினோரு வருஷம்
தாராபுரம் கோர்ட்டில் நிற்கிறார்கள்.
போன மாதம் சென்னைக்காரன் பில்லை ஏற்றினான்.
இருவரும் ஒரே நாளில்
ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னதாகக் கேள்வி,
தனித்தனி ஊரில்.

ஆக, கிரயப் பத்திரத்துக்கு எல்லை எழுதுவதுபோல எழுதுகிறேன்.
அண்டை: இந்த முகவரி.
அண்டையின் எண்:
அறுபத்து நாலாயிரத்து ஐந்நூற்றொன்று.
வாங்கிக்கொள்வது அவர்களுடைய ஆறு பிளாக்.
ஏழாவது வந்தால் படலைச் சாத்து.
கொடுப்பது நம்முடையது மட்டும்.
சென்னை சொன்ன தடத்தையெல்லாம்
நம் தடமென்று சொல்லிவிட்டால்
ஊர்ப்பட்ட வண்டி நம் இட்டேரிக்குள் திரும்பும்,
நசுங்குவது நாம்.

கடவுச்சொல்?
போனில் அந்தப் பக்கத்துச் சபரிநாதன் சிரித்தான்.
"யாருக்கும் மறக்காததா வெச்சுக்கலாங்க்கா.
அந்தக் காட்டு சர்வே நெம்பரு."
இருவரும் அடித்தோம்.

ஆக்டிவ், என்கிறது திரை.
வேலைக்குப் புதியவர்கள்
இந்தச் சொல்லைப் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.
ஆக்டிவ் என்றால்
கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.
பிங் போகிறது. கேபிளில் குறையில்லை.
எண்ணை மூன்று முறை பார்த்தாயிற்று.
ஆக்டிவ். மறுபடி ஆக்டிவ்.

இரண்டரைக்குக் கேட்டேன்:
"நீ அடிச்சதை வாய் விட்டுச் சொல்லு."
"நானூத்திப் பதினேழு பை ரெண்டு பி."
நான் அடித்தது ஏ.

ஒரே நிலம்.
அவரவர் மேஜை டிராயரில் அவரவர் பட்டா.
போனில் கொஞ்ச நேரம்
காற்றாலை இரைச்சல் மட்டும் வந்தது.
பிறகு யாரும் யாரிடமும் சொல்லாமலே
எழுத்தை அழித்தோம், இரண்டு பக்கமும்.
417/2.
உட்பிரிவு ஆகாத பழைய எண்.

எஸ்டாப்ளிஷ்ட்.
ஆறு வந்தது, எட்டு போனது.
மூன்று மில்லிசெகண்டில் முருங்கை விலை.

ஏழு மணிக்கு முதலாளி படியேறி வந்தார்.
"அவன் பேசறானா?"
"பேசறாருங்க."
"என்னன்னு?"
"நிமிஷத்துக்கு ஒருக்கா, இருக்கேன்னு மட்டுங்க.
மூணு நிமிஷம் சத்தமே இல்லீன்னா
செத்ததா எடுத்துக்குமுங்க."

என் நாற்காலியில் உட்கார்ந்தார்.
கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கட்டினார்.
மூன்று நிமிஷம் ஆயிற்று. ஆறும் ஆயிற்று.
எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது,
இன்னும் சேமிக்கவில்லை.
கரண்ட் போயிருந்தால் எல்லாம் போயிருக்கும்.
அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி
நின்றபடி அடித்தேன்.